டிஆர்சி ஷீட்டில் ட்விஸ்ட் 11, கையில் அளந்தால் 4: மெஷின் பொய் சொல்கிறதா?

குறுக்குக்கட்டை | 6 ஜனவரி 2025, காலை 9.40

டிஆர்சி (தடத்தை ஓடியபடியே அளக்கும் வண்டி) ஓடி ஷீட் வந்துவிட்டது. ஓர் இடத்தில் ட்விஸ்ட், அதாவது 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளங்களின் உயர வித்தியாசம் மாறும் அளவு, 11 மிமீ என்று காட்டுகிறது. லெவல் போர்டு (அந்த உயர வித்தியாசத்தைக் கையால் பார்க்கும் கருவி) வைத்து அந்த இடத்துக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) பார்த்தாயிற்று. அதிகபட்சம் 4 மிமீ. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மெஷின் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? எத்தனை மிமீ வரைக்கும் வித்தியாசம் வந்தால் "சரி" என்று எடுத்துக்கொள்வீர்கள்?

வெர்சைன் | 6 ஜனவரி, 11.15

எழுதிக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு.

பத்து ஸ்லீப்பர் என்பது எவ்வளவு தூரம்? கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்றால் இடைவெளி 60 சென்டிமீட்டர். இருபுறமும் 6 மீட்டர் பார்த்திருக்கிறீர்கள். ஓஎச்இ கம்பங்களுக்கு (மேல் மின்கம்பியைத் தாங்குபவை, இடத்தை இவற்றின் எண்ணால்தான் சொல்கிறோம்) இடையே 72 மீட்டர் வரை போகும். ஷீட்டில் போட்டிருக்கும் இடத்தில் 6 மீட்டருக்குள் பிழை அகப்பட்டுவிடும் என்று நம்புவதற்கு முன்னால் அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள்.

வண்டிக்குத் தூரம் சொல்வது அச்சு முனையில் இருக்கும் என்கோடர். அது சுற்றுகளை மட்டும்தான் எண்ணும். சுற்றை மீட்டராக்குவது சாஃப்ட்வேரில் யாரோ தட்டிவைத்த வீல் விட்டம். புது வீல் 915 மிமீ, ஒரு சுற்றுக்கு 2874.6 மிமீ. அதே வீல் தேய்ந்தோ லேத்தில் பிடித்தோ 905 ஆனால் ஒரு சுற்று 2843.1. விட்டத்தை மாற்றாமல் விட்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 11 மீட்டர் பிசகும். கிலோமீட்டர் கல்லில் ஆபரேட்டர் பட்டனை அமுக்கினால் அந்தப் பிசகு பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டு மூன்று கல் தவறவிட்டால் சேர்ந்துகொண்டே போகும்.

தேய்ந்த வீல் என்றால் ஷீட் காட்டும் இடத்தைத் தாண்டி, வண்டி போன திசையிலேயே இன்னும் முன்னால் போய்த் தேடுங்கள்.

வெர்சைன் | 6 ஜனவரி, இரவு 8.05

லெவல் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதே ஸ்லீப்பரில் வைத்துப் படியுங்கள், முனை மாற்றித் திருப்பிவைத்து மறுபடி படியுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் போர்டு சரி. முதலில் இடது 7 உயரம், திருப்பினால் இடது 3 உயரம் என்று வந்தால் உண்மை 5, போர்டின் பிழை 2.

ஆனால் ட்விஸ்ட் என்பது இரண்டு இடத்துக் கிராஸ் லெவலின் (இடது, வலது தண்டவாள உயர வித்தியாசத்தின்) கழித்தல். போர்டில் 2 மிமீ பிழை இருந்தாலும் இரண்டு இடத்திலும் அதே 2 வரும், கழித்தால் போய்விடும். ஆகவே உங்கள் 4 மிமீக்குப் போர்டு காரணமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நடுவில் யாரும் போர்டைத் திருப்பிப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்திருந்தால் 2 மிமீ பிழை 4 மிமீ பொய் ட்விஸ்டாகி நிற்கும். போர்டின் ஒரு முனையில் சிவப்பு பெயிண்ட் அடித்து, சிவப்பு எப்போதும் இடது தண்டவாளத்தில் என்று வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

மின்கம்பி | 6 ஜனவரி, இரவு 9.30

ஜிபிஎஸ் வைத்தால் இந்த வீல் கதையெல்லாம் முடிந்ததே?

வெர்சைன் | 7 ஜனவரி, காலை 7.20

முதலில் என் தப்பு. நேற்று காலை திசையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். வீல் தேய்ந்து சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றையும் பழைய பெரிய விட்டத்தால் பெருக்கினால் கணக்கில் வரும் தூரம் உண்மையைவிட அதிகம். நிஜத்தில் 1000 மீட்டர் போனால் ஷீட்டில் 1011. ஆக, பிழை ஷீட் காட்டும் இடத்துக்கு முன்பே, வண்டி வந்த பக்கம் திரும்பிப் போய்த் தேட வேண்டும். குறுக்குக்கட்டை தம்பி, நேற்றே முன்னால் நடந்து போயிருந்தால் மன்னிக்கவும்.

மின்கம்பிக்கு: ஜிபிஎஸ் சேர்ந்துகொண்டே போகும் பிசகை வெட்டிவிடும், வாஸ்தவம். ஆனால் சாதாரண ரிசீவரில் சில மீட்டர் ஆடும். வெட்டுப்பள்ளத்திலும் சுரங்கத்திலும் ஸ்டேஷன் கூரைக்கு அடியிலும் தொலைந்துபோகும். டபுள் லைனில் பக்கத்துத் தடம் 5 மீட்டர் சொச்சம் தள்ளித்தான் ஓடுகிறது, எந்தத் தடம் என்பதே குழம்பும். அதோடு, ஜிபிஎஸ் சொல்வது அட்சரேகை தீர்க்கரேகை. நமக்கு வேண்டியது கம்பம் எண். இரண்டையும் இணைக்கும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். தடத்தை மாற்றிப்போட்ட ரீஅலைன்மென்ட் நடந்த செக்‌ஷனில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 1000 மீட்டர் இருக்காது. 940ம் இருக்கும், 1070ம் இருக்கும்.

குறுக்குக்கட்டை | 7 ஜனவரி, 10.10

முன்னால் 40 மீட்டர் நடந்து போய்விட்டேன் அண்ணே. வெயில் வேறு.

வெர்சைன் | 7 ஜனவரி, மதியம் 1.00

சரி, நடந்த நடை வீண்போகாமல் ஒன்று செய்யுங்கள். ஷீட்டில் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) கோட்டைப் பாருங்கள். பாயிண்ட்ஸ் (தடம் பிரியும் இடம்), கிராசிங், லெவல் கிராசிங்கின் (ரயில்வே கேட்டின்) செக் ரயில் (தண்டவாளத்தை ஒட்டிப் போடும் காவல் தண்டவாளம்) வரும் இடங்களில் லேசர் கேஜ் தாறுமாறாகக் குதிக்கும். அளவுக்கு அது குப்பை, இடத்துக்கு அது தங்கம். கேட்டின் உண்மையான இடம் உங்களுக்குத் தெரியும். ஷீட்டில் குதிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் பிசகு. கடைசியாக எந்தக் கல்லில் பட்டன் அமுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

வெர்சைன் | 8 ஜனவரி, இரவு 9.45

இனி பெரிய கேள்வி. எத்தனை மிமீ வரை "சரி" என்றால், எதோடு ஒப்பிட்டு என்று முதலில் கேட்க வேண்டும். கை அளவோடு ஒப்பிடுவது கடைசி வேலை. முதலில் வண்டியை வண்டியோடு ஒப்பிடுங்கள். தன்னோடே ஒத்துப்போகாத கருவியை வேறெதனோடு ஒப்பிட்டும் பயனில்லை.

ஒரு கிலோமீட்டர் போதும். நேர்பாதை, ட்ரான்சிஷன் (நேர்பாதை வளைவாக மாறும் பகுதி), வளைவு மூன்றும் அதில் இருக்கட்டும். ஒரு பாயிண்ட்ஸும் இருந்தால் நல்லது. புதிதாக டேம்பிங் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது) போட்ட இடம் வேண்டாம், இரண்டு ஓட்டத்துக்கு நடுவிலேயே ஜல்லி அமுங்கி உட்கார்ந்துவிடும். எல்லா ஓட்டத்தையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

ஒரே திசை, ஒரே வேகம், குறைந்தது மூன்று தடவை. இது தெரிவிப்பது இரைச்சலை, அதாவது தடம் மாறாமலே ஓட்டத்துக்கு ஓட்டம் எண் ஆடுவதை, மட்டும்.

அடுத்து அதே திசையில் 40, 80, 110 என்று வேகம் மாற்றி. அளவு வேகத்தோடு சேர்ந்து மாறினால் ஃபில்டரிலோ ஆக்ஸிலரோமீட்டரிலோ (முடுக்கம் அளக்கும் கருவி) கோளாறு. தண்டவாளத்துக்கு வேகம் தெரியாது.

அடுத்து எதிர்த்திசை. ஒரு பிழையின் உச்சம் போகும்போது ஓரிடத்திலும் வரும்போது வேறிடத்திலும் விழுந்தால் அந்த இடைவெளியில் பாதிதான் பிசகு. வண்டியையே திருப்பி ஓட்டும்போது இடைவெளி எந்த வேகத்திலும் மாறாமல் இருந்தால் லேசர் பெட்டிக்கும் தூரக் கணக்கின் தொடக்கப் புள்ளிக்கும் நடுவே உள்ள நீளத்தை யாரோ தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். வேகத்தோடு கூடினால் மின்சுற்றில் தாமதம். 100 கிமீ வேகத்தில் 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 28 சென்டிமீட்டர்.

கடைசியாக, வண்டியையே முக்கோணத் தடத்தில் சுற்றித் திருப்பி ஓட்டுவது. சும்மா பின்னால் ஓட்டுவதும் இதுவும் ஒன்றில்லை. பின்னால் ஓட்டினால் வண்டியின் இடப்பக்கம் அதே தண்டவாளத்தின் மேல்தான் இருக்கும், கிராஸ் லெவலில் 2 மிமீ பிழை இருந்தால் அதே 2 மறுபடி வரும், பிழை இருப்பதே தெரியாது. திருப்பினால்தான் அடையாளம் மாறும். லெவல் போர்டு கதையேதான், போர்டு 40 டன் எடை என்பதைத் தவிர.

பின்னால் ஓட்டும்போது இன்னொரு வேடிக்கை: சில சாஃப்ட்வேர் திசை மாறியதும் இடது வலது பெயரைத் தானே மாற்றும், சிலது மாற்றாது. இடது அன்ஈவன்னஸும் (தண்டவாளத்தின் மேடுபள்ளம்) வலது அன்ஈவன்னஸும் இடம் மாறிக் கிடக்க, "இரண்டு ஓட்டமும் ஒத்துப்போகவில்லை" என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

வெர்சைன் | 8 ஜனவரி, இரவு 10.20

முக்கியமானதை விட்டுவிட்டேன். இரண்டு ஓட்டத்தைக் கழிப்பதற்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருத்த வேண்டும். பொருத்தத்தில் கால் மீட்டர் பிசகினால் என்ன ஆகும்? 6 மீட்டர் அலைநீளத்தில், நடுக்கோட்டிலிருந்து 4 மிமீ ஏறி இறங்கும் ஒரு குறை. கால் மீட்டர் தள்ளி வைத்துக் கழித்தால் 1.04 மிமீ வித்தியாசம். அரை மீட்டர் என்றால் 2.07. கருவியில் துளிப் பிழையில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் 2 மிமீ.

பொருத்துவதற்கு கேஜ் கோடு நல்லது, ஒவ்வொரு 200 மீட்டருக்கும் கைரேகை மாதிரி தனி வடிவம் இருக்கும். கிலோமீட்டர் முழுவதையும் ஒரே தள்ளலில் பொருத்தாதீர்கள். வீல் விட்டப் பிசகு இருந்தால் தொடக்கத்தில் பொருந்தியது முடிவில் விலகிவிடும். 100, 200 மீட்டர் துண்டாக வெட்டிப் பொருத்துங்கள்.

மின்கம்பி | 9 ஜனவரி, 8.50

எங்களுக்குத் தந்த ரிப்போர்ட்டில் "கோரிலேஷன் 0.98, ஆகவே துல்லியம்" என்று முடித்திருக்கிறார்கள். போதாதா?

வெர்சைன் | 9 ஜனவரி, 9.30

போதாது. ஒரு வண்டி எல்லா அளவையும் 10 சதவீதம் கூட்டிச் சொன்னாலும் கோரிலேஷன் 1.00 வரும். எல்லாவற்றிலும் 5 மிமீ கூடுதலாகச் சொன்னாலும் 1.00தான். அது வடிவம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். இன்னொன்று, தடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல கோரிலேஷன் வரும். மழமழவென்று இருக்கும் புதுத் தடத்தில் அதே கருவி 0.8 காட்டும், ஏனென்றால் அங்கே அளக்க ஒன்றுமில்லை, மிச்சமெல்லாம் இரைச்சல்.

வித்தியாசத்தின் சராசரியைக் கேளுங்கள், அது நிலையான பிழை. வித்தியாசத்தின் பரவலைக் கேளுங்கள், அது இரைச்சல். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராகப் போட்ட கோட்டின் சாய்வைக் கேளுங்கள், 1.00க்குப் பதில் 0.91 என்றால் ஸ்கேல் பிழை. வித்தியாசத்தை இரண்டின் சராசரிக்கு எதிராகப் புள்ளிவைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே படத்தில் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு ஓட்டத்துக்கு நடுவே வித்தியாசத்தின் பரவல் 0.7 என்றால் ஓர் ஓட்டத்தின் இரைச்சல் 0.5. ரூட் 2ஆல் வகுக்க வேண்டும். இதை மறந்து வண்டியைத் திட்டுகிறவர்கள் உண்டு, மறந்தமாதிரி இருந்து பாராட்டுகிறவர்களும் உண்டு.

வெர்சைன் | 9 ஜனவரி, மாலை 6.40

நாண் விஷயத்தைச் சொல்லாமல் கை அளவுக்குப் போக முடியாது.

அன்ஈவன்னஸ், அலைன்மென்ட் (தண்டவாளத்தின் பக்கவாட்டு நெளிவு) இரண்டும் நேரடி அளவு இல்லை. ஒரு நாணின் (தண்டவாளத்தின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின்) நடுவில் தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான். விலகல் எத்தனை மடங்காகத் தெரியும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 180 டிகிரியை நாணின் நீளத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்து, வருவதன் கொசைனை 1லிருந்து கழியுங்கள். நாண் 9 மீட்டர் என்று வைத்துப் பார்த்தால்: 9 மீட்டர் அலை 2 மடங்காகத் தெரியும். 18 மீட்டர் அலை உள்ளபடி. 36 மீட்டர் அலை 0.29 மடங்கு. 4.5 மீட்டர் அலை பூஜ்யம், அது இருப்பதே தெரியாது. பழைய 13 மீட்டர் ரயிலின் (தண்டவாளத் துண்டின்) ஜாயின்ட் அலை 1.57 மடங்கு.

ஜப்பானில் 10 மீட்டர் நாண் பழக்கம், அவர்களுக்கு 5 மீட்டர் அலையில் குருடு. ஷின்கான்சனில் நீள அலைகளுக்காக 40 மீட்டர் நாணும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 62 அடி நாண், அதில் 1 அங்குல வெர்சைன் (நாணின் நடுவில் வரும் விலகல்) என்றால் வளைவு 1 டிகிரி என்பதால் வந்த வசதி. அவர்களுடைய 39 அடி ரயில் ஜாயின்ட் அதில் 0.72 மடங்காகத்தான் தெரியும்.

ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13848 நாணை நம்பாமல் அலைநீளப் பட்டைகளாகப் பிரிக்கிறது: 3 முதல் 25 மீட்டர், 25 முதல் 70 மீட்டர், அதற்கு மேல். ஆகவே ஒரு வண்டி 9 மீட்டர் நாணிலும் இன்னொன்று 3–25 பட்டையிலும் எண் கொடுத்தால் இரண்டையும் கழித்துப் பார்ப்பது மாம்பழத்தில் பலாக்கொட்டை தேடுகிற வேலை. மூல வடிவத்தை எடுத்து ஒரே நாணுக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பீடு.

கையால் 20 மீட்டர் நாணில் வெர்சைன் எடுக்கிறோம் இல்லையா. 2 டிகிரி வளைவு, ஆரம் 875 மீட்டர், வெர்சைன் 57 மிமீ. இதை 9 மீட்டர் நாணுக்கு மாற்ற நீளங்களின் விகிதத்தை வர்க்கமாக்கிப் பெருக்கினால் 11.6 மிமீ. இந்தக் கணக்கு வளைவின் சராசரிக்குத்தான் செல்லும். வளைவுக்குள் இருக்கும் ஒரு வெல்ட் பிழைக்கு இதைப் போட்டால் தப்பு.

மின்கம்பி | 10 ஜனவரி, 7.15

ஸ்டேஷனுக்குள் 20 கிமீ வேகத்தில் நுழையும்போது அலைன்மென்ட் கோடு பைத்தியம் பிடித்தமாதிரி அலைகிறது. மற்ற கோடெல்லாம் ஒழுங்கு. அளக்கும் கருவிப் பெட்டி கெட்டுவிட்டதா?

வெர்சைன் | 10 ஜனவரி, 9.05

கெடவில்லை, அதன் சுபாவம் அது. இனெர்ஷியல் முறையில் முடுக்கத்தை அளந்து இரண்டு தடவை தொகையிட்டு இடம் கண்டுபிடிக்கிறார்கள். 25 மீட்டர் அலைநீளம், 5 மிமீ வீச்சு என்றால் 100 கிமீ வேகத்தில் கிடைக்கும் முடுக்கம் செகண்டுக்குச் செகண்ட் 0.24 மீட்டர். 20 கிமீயில் அது 25இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.0098. புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒன்று.

இப்போது பெட்டி பக்கவாட்டில் ஆயிரத்தில் ஒரு ரேடியன் சாய்ந்திருப்பதாகக் கைரோ (சாய்வு அளக்கும் கருவி) தப்பாகச் சொன்னால்? புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு முடுக்கமாக உள்ளே கசியும். அதுவும் 0.0098. அதாவது இல்லாத 5 மிமீ குறை ஒன்று தடத்தில் முளைத்துவிடும். அதே சாய்வுப் பிழை கிராஸ் லெவலில் 1750 மிமீ நெடுக 1.75 மிமீயாகத்தான் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேஜ் லேசரில் நேரடியாகப் படிப்பது, அது வேகத்தைப் பார்க்காது. அதனால்தான் உங்கள் கேஜ் கோடு ஒழுங்காக இருக்கிறது. குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே வந்த அலைன்மென்ட் எண்களை வண்டியே "செல்லாது" என்று குறிக்க வேண்டும். குறிக்கிறதா என்று பாருங்கள். குறிக்காமல் நடுவில் நேர்கோடு போட்டு நிரப்பும் சாஃப்ட்வேரும் இருக்கிறது. வரிசையாக இருபது மாதிரி ஒரே எண்ணாகவோ ஒரே படியில் ஏறுவதாகவோ இருந்தால் அது அளந்தது இல்லை, நிரப்பியது. அந்த 200 மீட்டர் துண்டுக்குத் தர எண் பிரமாதமாக வரும்!

குறுக்குக்கட்டை | 11 ஜனவரி, மாலை 5.30

அண்ணே, கிடைத்துவிட்டது. கடைசியாகப் பட்டன் அமுக்கிய கல்லிலிருந்து கேட்டு நிஜத்தில் 3100 மீட்டர். ஷீட்டில் செக் ரயில் குதிப்பு 3131இல். 31 மீட்டர் அதிகம். அந்த 11 மிமீ ட்விஸ்ட் ஷீட்டில் 3640இல் இருந்தது. விகிதப்படி பார்த்தால் 3604. 36 மீட்டர் திரும்பிப் போய்ப் பார்த்தேன், ஒரு வெல்டுக்குப் பக்கத்தில் 6 மிமீ இருக்கிறது. ஆனாலும் 11 இல்லை. மீதி 5?

வெர்சைன் | 11 ஜனவரி, இரவு 7.50

நல்லது. விட்டம் 915 என்று போட்டு நிஜத்தில் 906 இருந்தால் இந்த 31 மீட்டர் அப்படியே வரும்.

மீதி 5 மிமீ ஸ்லீப்பருக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் அளந்தது வெறும் தடத்தை. வண்டி அளந்தது தன் எடையால் அமுக்கிய தடத்தை. வெல்டுக்குப் பக்கத்தில் ஸ்லீப்பர் தொங்கிக்கொண்டிருக்கும், தண்டவாளம் அதைத் தூக்கிப் பிடித்திருப்பதால் லெவல் போர்டுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்த மூன்று நான்கு ஸ்லீப்பரின் முனையில் ஜல்லியைப் பாருங்கள், அரைபட்டு வெள்ளைப் பொடி படிந்திருக்கும், மழை பெய்திருந்தால் சேறு கக்கியிருக்கும். கேன்-ஆ-பூல் (முனையில் உருண்டை உள்ள தடி) தட்டினால் ஓசையே சொல்லிவிடும். எண் வேண்டுமென்றால் டான்ஸோமீட்டரை (வண்டி போகும்போது தண்டவாளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது) தண்டவாளத்தில் மாட்டி அடுத்த வண்டி போகவிடுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் தனித்தனியே. ஒரு பக்கம் 4, மறுபக்கம் 0 வந்தால் 6ம் 4ம் 10 ஆயிற்று. மிச்சம் 1 மிமீக்கு யாரோடும் சண்டை போட வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரேயளவு தொங்கினால் ட்விஸ்டில் தெரியாது, அன்ஈவன்னஸில்தான் தெரியும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

குறுக்குக்கட்டை | 13 ஜனவரி, மதியம் 12.20

இடது 4, வலது அரையிலிருந்து 1 வரை. பொடியும் இருக்கிறது. எழுதிக் கொடுக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கேஜுக்கும் இதே கதையா? ஷீட்டில் வரும் கேஜ் கை அளவைவிட 2 மிமீ கூடவே இருக்கிறது, வளைவில் மட்டும்.

வெர்சைன் | 13 ஜனவரி, இரவு 9.10

வளைவில் மட்டும் என்றால் பாதி இதே கதைதான். வீல் வெளி ரயிலை (வெளித் தண்டவாளத்தை) தள்ளும், அதைப் பிடித்திருக்கும் லைனரும் ரப்பர் பேடும் தேய்ந்திருந்தால் ரயில் சாயும், கேஜ் விரியும். கையால் கேஜ் அளக்கும் ராடு வைக்கும்போது தள்ள ஆளில்லை.

மீதிப் பாதி எந்த உயரத்தில் அளக்கிறீர்கள் என்பது. ஈஎன் கணக்கில் ரயிலின் ஓடுதளத்திலிருந்து 14 மிமீ ஆழம் வரைக்கும் உள்ள பட்டையில் எது மிகக் குறைந்த இடைவெளியோ அது. ராடின் மூக்கு ஒரே உயரத்தில் தொடும். வெளி ரயில் பக்கவாட்டில் தேய்ந்து சரிவாகிவிட்டால் ஒவ்வொரு உயரத்திலும் ஓர் எண். உள் ரயிலில் உலோகம் பிதுங்கி உதடு மாதிரி தொங்கினால் லேசர் உதட்டைத் தொடும், ராடு உதட்டுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே லேசர் குறைவாகக் காட்டும், உங்களுக்கு நடப்பதற்கு நேர்மாறாக. ஆகவே உங்களுக்கு உதடு இல்லை, விரிவுதான் என்று நினைக்கிறேன். ப்ரொஃபைலைப் பாருங்கள்.

லூப்ரிகேட்டர் இருக்கும் வளைவா? கிரீஸ் திரண்டு கேஜ் முகத்தில் 1 மிமீ ஒட்டியிருந்தால் லேசருக்கு அதுவும் ரயில்தான். ஈரமான ரயில் கண்ணாடி மாதிரி ஒளியை வேறு பக்கம் அடித்துவிடும். சாயங்கால வெயில் சாய்வாகக் கேமராவுக்குள் விழுந்தால் அந்தப் பக்க ரயில் மட்டும் காணாமல் போகும். காலை ஓட்டத்தில் இடது விட்டுவிட்டு வந்தால், மாலை ஓட்டத்தில் வலது விட்டு வந்தால், கருவியைக் கழற்றாதீர்கள், சூரியனைப் பாருங்கள்.

ராடைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் சரிபார்த்த 1676 மிமீ இரும்பு ராடு 50 டிகிரி வெயிலில் 0.58 மிமீ நீளும். அலுமினியம் என்றால் 1.16. ராடே நீண்டுவிட்டதால் கேஜ் அந்த அளவுக்குக் குறைவாகப் படிக்கும். உங்கள் 2 மிமீயில் அதற்கும் பங்கு இருக்கலாம், ஆனால் அது நேர்பாதையிலும் வர வேண்டும். வரவில்லை என்கிறீர்கள். டிப்போவில் லேசரைச் சரிபார்க்க வைக்கும் மாஸ்டர் பாருக்கும் இதே கணக்குதான், வண்டிக்கடியில் வைத்துவிட்டு உடனே படிக்காமல் அரைமணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும். லேசர் பெட்டியும் ஆன் செய்த முதல் அரைமணி நேரம் சூடேறிக்கொண்டே நகரும்.

மின்கம்பி | 14 ஜனவரி, 8.30

பொங்கல் வாழ்த்துகள். ஒரு சந்தேகம். வரம்பு 10 மிமீ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓட்டத்தில் 10.3, இரண்டாவதில் 9.8. பிழை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு கோஷ்டி அடித்துக்கொள்கிறது.

வெர்சைன் | 14 ஜனவரி, 11.00

வாழ்த்துகள். ஓர் ஓட்டத்தின் இரைச்சல் 0.5 மிமீ என்றால், 10.3 வந்த இடம் அடுத்த ஓட்டத்தில் 10க்குக் கீழே போக மூன்றில் ஒரு வாய்ப்பு, தடத்தில் யாரும் கைவைக்காமலே. வரம்பு மீறியதை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி அளந்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் இரைச்சல் மேலே தள்ளிவிட்டவைதான் பட்டியலில் நுழைந்திருக்கும். "இரண்டாவது வண்டி எப்போதும் குறைவாகக் காட்டுகிறது" என்ற புகாரில் பாதி இதுதான். 9.6லிருந்து 10 வரைக்கும் இருந்தவற்றையும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள், அவற்றில் சில 10க்கு மேல் ஏறியிருக்கும்.

வண்டிகளை ஒப்பிட வரம்பு மீறிய இடங்களின் எண்ணிக்கையை வைக்காதீர்கள். 200 மீட்டருக்கான ஸ்டாண்டர்ட் டீவியேஷனை வையுங்கள், அது 10.3, 9.8 என்று கோட்டுக்கு இருபுறமும் குதிக்காது.

பேக்கிங்குக்கு (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுக்க)? 10.3ஆனாலும் 9.8ஆனாலும் ஆள் அனுப்புங்கள்.

குறுக்குக்கட்டை | 17 ஜனவரி, 6.45

பேக்கிங் முடிந்தது. விட்டத்தை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறோம். டேப் சுற்றி அளந்து 906 என்று தரலாமா?

வெர்சைன் | 17 ஜனவரி, 8.15

டேப் வேண்டாம். வீலின் முகம் 20க்கு 1 சரிவு. ரயிலைத் தொடும் இடம் 5 மிமீ நகர்ந்தால் விட்டம் 0.5 மிமீ மாறும், கிலோமீட்டருக்கு அரை மீட்டர். டேப் எந்த வட்டத்தில் சுற்றினோமோ அந்த விட்டத்தைத்தான் தரும், வண்டி எந்த வட்டத்தில் உருள்கிறதோ அதைத் தராது.

நேர்பாதையில் சர்வே செய்த இரண்டு புள்ளிகள், 5 கிமீ இடைவெளி. அதில் என்கோடர் எத்தனை சுற்று எண்ணுகிறது என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். 1757 சுற்றை ஒட்டி வந்தால் 906 சரி. இரண்டு திசையிலும் எடுங்கள், பிரேக் போடாமல் எடுங்கள். பிரேக்கில் வீல் வழுக்கினால் சுற்று குறையும். என்கோடரைப் பிரேக் இல்லாத அச்சில் மாட்டியிருந்தால் அந்தக் கவலையும் இல்லை. அடுத்த தடவை லேத்துக்குப் போய் வந்ததும் மறுபடி இதே 5 கிமீ.